ஒரு வரி, இரண்டு தெரியாதவை: ஒளிப்பாய்வுச் சமன்பாட்டுக்கு ஓர் உரை

மூலம்:

கிடைச்சரிவு × கிடைவேகம் + நெடுச்சரிவு × நெடுவேகம் + காலமாற்றம் = 0

உரைக்கு எடுத்துக்கொண்ட மூலம் இவ்வளவுதான். எம்.ஐ.டி.யைச் சேர்ந்த பெர்த்தோல்ட் ஹார்னும் பிரையன் ஷங்க்கும் 1981-இல் 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' ஆய்விதழின் 17-ஆம் தொகுதியில் எழுதிய கட்டுரையால் இந்த வரி பேர் பெற்றது. அவர்கள் எழுதியது குறியீடுகளில். நான் ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு பெயர் வைத்துச் சொல்லாக எழுதியிருக்கிறேன், பொருளில் மாற்றமில்லை.

பொழிப்பு: அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் ஓர் இடத்தின் வெளிச்சம் மாறியிருந்தால், அந்த மாற்றம் முழுவதும் காட்சி நகர்ந்ததால் வந்ததே, வேறு காரணம் இல்லை.

படத்தொடரிலிருந்து அசைவைக் கணக்கிடும் துறையில் நுழையும் எவரும் முதலில் படிப்பது இந்த வரியைத்தான். இது வேகத்தைத் தந்துவிடும் என்று நம்பித்தான் படிக்கிறார்கள். தராது. பாதிதான் தரும். மீதிப் பாதியைக் கணக்குப் போடுகிறவர் தன் நம்பிக்கையிலிருந்து எடுத்துப் போட்டாக வேண்டும். 1981 முதல் இன்று வரை இத்துறையில் நடப்பதெல்லாம் அந்த மீதிப் பாதியைப் பற்றிய வழக்கு என்பது என் கட்சி. அதை மனத்தில் வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் போவோம்.

உதாரணத்துக்கு ஒரு வாகனம் வேண்டும். செவ்வாயில் பறந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்கிறேன். 2021 ஏப்ரல் 19 அன்று முதன்முதலாக எழும்பியது. அங்கே ஜி.பி.எஸ். கிடையாது. கீழ்நோக்கிய ஒரு கறுப்பு வெள்ளைக் கேமரா, 640 × 480 பிக்சல், வினாடிக்கு 30 படம். தரை எப்படி நகர்கிறது என்பதை அந்தப் படங்களில் பார்த்துத்தான் தன் வேகத்தை அது சரிபார்த்துக்கொண்டது. இந்த மூலத்தின் ஒவ்வொரு சொல்லும் அதன் பறப்புகளில் ஏதோ ஓரிடத்தில் சோதனைக்கு உள்ளாகியிருக்கிறது.

கிடைச்சரிவு, நெடுச்சரிவு

சரிவு என்றது வெளிச்சத்தின் சரிவை. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு பிக்சலும் ஓர் எண். 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. இடமிருந்து வலமாகப் போகையில் பிக்சலுக்குப் பிக்சல் அந்த எண் எவ்வளவு ஏறுகிறது என்பது கிடைச்சரிவு. மேலிருந்து கீழே போகையில் எவ்வளவு ஏறுகிறது என்பது நெடுச்சரிவு. ஏறாமல் இறங்கினால் கழித்தல் குறி.

இதைக் கணக்கிட அசைவு தேவையில்லை. ஒரே படம் போதும். பக்கத்துப் பிக்சலிலிருந்து கழித்தால் வந்துவிடும். ஆனால் கேமராவில் எப்போதும் கொஞ்சம் இரைச்சல் இருக்கும், தனியொரு கழித்தலை நம்ப முடியாது. ஆகவே ஹார்னும் ஷங்க்கும் முதல் படத்தில் நான்கு பிக்சல், அடுத்த படத்தில் அதே இடத்து நான்கு பிக்சல் என்று எட்டைச் சேர்த்து எடுத்து, நான்கு கழித்தல்களின் சராசரியைச் சரிவாகக் கொண்டார்கள்.

இந்த இரண்டு சொற்களும் பூச்சியமாகும் இடங்கள் உண்டு: வெள்ளையடித்த சுவர், தெளிந்த வானம், ஒரே நிற மணல். அங்கே காலமாற்றமும் பூச்சியம்தான். மூலத்தில் போட்டுப் பாருங்கள்: 0 + 0 + 0 = 0. வரி உண்மைதான், ஆனால் எந்த வேகத்தைப் போட்டாலும் உண்மை. ஆகவே அது எதையும் சொல்லவில்லை. ஆப்டிகல் மவுஸ் கண்ணாடி மேசையில் தடுமாறுவதும் இதனால்தான். அதன் வயிற்றில் இருக்கும் சின்னக் கேமரா வினாடிக்கு ஆயிரத்துக்கும் மேல் படம் எடுத்து, ஒன்றை அடுத்ததோடு பொருத்திப் பார்க்கிறது. காகிதத்தின் நார், மரத்தின் ரேகை என்று பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் அது ஓடும். கண்ணாடியில் ஒன்றும் கிடைக்காது.

காலமாற்றம்

அதே பிக்சல், அடுத்த படத்தில் எவ்வளவு கூடியிருக்கிறது என்பது காலமாற்றம். இங்கே ஒரு கணக்கு போட்டுவிடலாம். ஒரு வரிசையில் நான்கு பிக்சல்: 100, 110, 120, 130. கிடைச்சரிவு 10. அடுத்த படத்தில் 120 இருந்த இடத்தில் இப்போது 110 இருக்கிறது. காலமாற்றம் −10. நெடுச்சரிவு இல்லை என்று வைத்துக்கொண்டால், 10 × கிடைவேகம் − 10 = 0. கிடைவேகம் 1. இடப்பக்கம் இருந்த 110 ஒரு பிக்சல் வலப்பக்கம் வந்து நிற்கிறது என்பது கண்ணுக்கும் தெரிகிறது. நெடுவேகம் என்ன என்று கேட்காதீர்கள்; அது கணக்கிலேயே வரவில்லை. அதற்கு அடுத்த பகுதியில் வருகிறேன்.

'அடுத்த படத்தில்' என்று சொன்னோமே, எப்போது எடுத்த படத்தில்? மூலம் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. இரண்டு படங்களுக்கும் இடையே உள்ள நேரம் சரியாகத் தெரியும் என்று வைத்துக்கொண்டு போகிறது. இன்ஜெனுயிட்டியின் ஆறாவது பறப்பு, 2021 மே 22. பத்து மீட்டர் உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. சுமார் 54-ஆவது வினாடியில், கேமராவிலிருந்து கணினிக்கு வரும் படங்களில் ஒன்றே ஒன்று வழியில் தொலைந்துபோனது. ஒரு படம் போனால் என்ன, வினாடிக்கு முப்பது வருகிறதே என்று தோன்றும். தொலைந்ததால் வந்த கேடு சிறிது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு படத்திலும் தவறான நேரமுத்திரை விழுந்ததுதான் பெருங்கேடு. படம் எடுக்கப்பட்ட நேரம் ஒன்று, கணினி நம்பிய நேரம் இன்னொன்று. தரையின் அடையாளங்கள் இந்நேரம் இங்கே இருக்க வேண்டும் என்று கணினி எதிர்பார்க்க, படத்தில் அவை வேறெங்கோ இருந்தன. இல்லாத பிழையைத் திருத்த ஹெலிகாப்டர் முன்னும் பின்னும் சாய்ந்தாடியது. சாய்வு 20 பாகைக்கு மேல் போனது. ஆடியபடியே போய், குறித்த இடத்திலிருந்து சுமார் ஐந்து மீட்டர் தள்ளிப் பத்திரமாக இறங்கியது. தரையை நெருங்கும் கடைசிக் கட்டத்தில் கேமராப் படங்களைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும்படி முன்பே வடிவமைத்திருந்தார்கள். அதுவும் அதைக் காப்பாற்றியது.

ஒரு சின்ன ஆலோசனை. வீட்டில் வெப்கேம் வைத்து இந்தக் கணக்கைச் செய்து பார்ப்பவர்கள் 'வினாடிக்கு 30' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பிவிடுகிறார்கள். மங்கிய வெளிச்சத்தில் பல கேமராக்கள் ஒளியைச் சேர்க்க நேரம் எடுத்துக்கொண்டு வேகத்தைத் தாமே குறைத்துவிடும். ஒவ்வொரு படத்தின் நேரத்தையும் தனியாகப் பதிந்துகொள்வது நல்லது.

கிடைவேகம், நெடுவேகம்

தெரிய வேண்டியவை இவை இரண்டும். அலகு மீட்டர் அல்ல. படத்துக்கு இத்தனை பிக்சல் என்பதுதான். தாழப் பறந்தால் தரை விரைந்தோடும், உயரப் பறந்தால் அதே வேகத்தில் தரை ஊர்ந்து போகும். பிக்சலை மீட்டராக்க உயரம் தெரிய வேண்டும். இன்ஜெனுயிட்டியில் அதற்கென ஒரு லேசர் உயரமானி இருந்தது. இதை மறந்துவிட்டு, சாலைக் கேமராப் படத்தை மட்டும் வைத்து வண்டி மணிக்கு எத்தனை கிலோமீட்டரில் போனது என்று சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேமரா எங்கே, எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது தெரியாமல் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

இனி மூலத்தின் பெரிய சிக்கல். வரி ஒன்று, தெரியாதவை இரண்டு. பள்ளிக்கூட அல்ஜீப்ராவிலேயே இது ஆகாத காரியம். எண்ணில் பார்ப்போம். ஒரு பிக்சலில் கிடைச்சரிவு 6, நெடுச்சரிவு 8, காலமாற்றம் −10 என்று வைத்துக்கொள்வோம். 6 × கிடைவேகம் + 8 × நெடுவேகம் = 10. கிடைவேகம் 1, நெடுவேகம் ½ என்றால் சரியாக வருகிறது. கிடைவேகம் −1, நெடுவேகம் 2 என்றாலும் சரி. 3-உம் −1-உம் என்றாலும் சரி. ஒன்று வலப்பக்கம் போகிறது, ஒன்று இடப்பக்கம் போகிறது. மூலம் மூன்றையும் ஏற்றுக்கொள்கிறது. அது உறுதியாகச் சொல்வது ஒன்றைத்தான்: சரிவின் திசையில் வேகம் எவ்வளவு என்பதை. இங்கே அது படத்துக்கு ஒரு பிக்சல். சரிவுக்குக் குறுக்காக எவ்வளவு நகர்ந்தது என்பதைப் பற்றி அதற்கு ஒரு செய்தியும் இல்லை.

இது கணிதத்தின் குறை என்று தள்ளிவிட முடியாது. நம் கண்ணுக்கும் உள்ள குறை. ஓர் அட்டையில் காலணா அளவுக்கு ஓட்டை போடுங்கள். அதன் அடியில் கோடு போட்ட நோட்டுத் தாளைச் சற்றுச் சாய்த்து வைத்து நகர்த்துங்கள். தாளை வலப்பக்கம் இழுத்தாலும் சரி, கீழே இழுத்தாலும் சரி, ஓட்டை வழியே தெரியும் கோடுகள் தமக்குச் செங்குத்தான திசையில்தான் போவதாகத் தோன்றும். கோட்டின் நீளவாக்கிலேயே இழுத்தால் தாள் நகர்வதே தெரியாது. ஜெர்மானிய உளவியலாளர் ஹான்ஸ் வாலக் 1935-இலேயே இதை விரிவாக ஆராய்ந்து எழுதிவிட்டார். துறையில் இதற்குத் துளைச் சிக்கல் என்று பெயர். ஒவ்வொரு பிக்சலும் அப்படி ஓர் ஓட்டை வழியாகத்தான் உலகைப் பார்க்கிறது.

= 0

மூலத்திலேயே துணிச்சலான பகுதி இந்தப் பூச்சியம். ஒரு பொருளின் புள்ளி எங்கே நகர்ந்தாலும் தன் வெளிச்சத்தை மாற்றிக்கொள்ளாது என்ற வாக்கு இதற்குள் இருக்கிறது. உலகம் அந்த வாக்கைக் கொடுக்கவே இல்லை. நாம்தான் அதன் சார்பில் கொடுத்துக்கொண்டோம்.

இதை உடைத்துக் காட்டியவர்களில் ஹார்னும் ஒருவர் என்பது எனக்குப் பிடித்த செய்தி. தான் பேர் பெறச் செய்த வரியின் ஓட்டையைத் தானே பாடத்தில் வைத்தார். ஒரே நிறம் பூசிய, பளபளப்பில்லாத உருண்டை ஒன்று தன் அச்சில் சுழல்கிறது, விளக்கு அசையவில்லை. படத்தில் ஒரு பிக்சல்கூட மாறாது. அசைவு இருக்கிறது, மூலம் இல்லை என்கிறது. இப்போது உருண்டையை நிறுத்திவிட்டு விளக்கை நகர்த்துங்கள். நிழல் ஊர்கிறது, பிக்சல்கள் மாறுகின்றன. அசைவு இல்லை, மூலம் இருக்கிறது என்கிறது. ஆகவே இந்த வரி அளப்பது பொருளின் அசைவை அன்று, வெளிச்சக் கோலத்தின் அசைவை. ஒளிப்பாய்வு என்ற பெயர் அந்த இரண்டாவதற்கே உரியது. இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும் என்பதால் பிழைத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் வீட்டிலேயே இந்தப் பூச்சியம் பொய்க்கும். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக்கு வைத்த டியூப்லைட் வினாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. வினாடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் அது மேலும் கீழும் ஊரும் பட்டைகளாக விழும். யாரும் இல்லாத அறையில் ஏதோ நகர்கிறது என்று கணினி சொல்லும். வெளிச்சத்துக்கேற்பத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் கேமரா என்றால் இன்னும் மோசம். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் உள்ளே வந்தால் சுவர் முழுதும் ஒரு படி இருளும். வானூர்தியின் சொந்த நிழல் இன்னொரு தொல்லை. இன்ஜெனுயிட்டி முதல் பறப்பில் எடுத்து அனுப்பிய பேர்பெற்ற படமே அதன் நிழல்தான். தரை ஓட, நிழல் மட்டும் படத்தில் அதே இடத்தில் நிற்கும். அந்தப் பிக்சல்களைக் கேட்டால் 'நாம் நகரவே இல்லை' என்றுதான் சொல்லும்.

மூலத்தில் எழுதாத சொல்: 'சிறிது'

நகர்வு சிறிதாக இருந்தால்தான் இந்த வரி செல்லும். சரிவு என்பது அந்த இடத்தைச் சுற்றி ஓரிரு பிக்சல் வரைதான் உண்மை. அதற்கப்பால் வெளிச்சம் எப்படியும் போகலாம்.

இன்சாட்-3டி வரிசைச் செயற்கைக்கோள் அரைமணிக்கு ஒரு முறை படம் எடுக்கிறது. மேகங்கள் நகர்வதைத் தொடர்ந்து, அதிலிருந்து மேல்காற்றின் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். காற்று வினாடிக்கு 15 மீட்டர் என்றால் அரைமணியில் மேகம் 27 கிலோமீட்டர் போயிருக்கும். வெப்ப அகச்சிவப்புப் படத்தில் ஒரு பிக்சல் 4 கிலோமீட்டர். ஆக ஏழு பிக்சலுக்குச் சற்றுக் குறைவு. நம் மூலத்தை அப்படியே போட்டால் குழம்பிவிடும். ஆகவே மேகத் துண்டு ஒன்றை எடுத்து, அடுத்த படத்தில் அது எங்கே நன்றாகப் பொருந்துகிறது என்று தேடுகிறார்கள். மூன்று படங்களில் தொடர்ந்து பொருந்த வேண்டும். அதற்குள் மேகம் கலையலாம், திரளலாம். எந்த உயரத்து மேகம் என்பது வேறு கேள்வி, அதுதான் மேலும் கடினம்.

மூலத்தையே வைத்துக்கொண்டு பெருநகர்வைச் சமாளிக்கவும் வழி உண்டு. படத்தைப் பாதியாகச் சுருக்கு, அதையும் பாதியாகச் சுருக்கு. மூன்று முறை சுருக்கினால் 640 பிக்சல் அகலம் 80 ஆகும். 16 பிக்சல் நகர்வு 2 பிக்சலாகும். சிறிய படத்தில் தோராயமாகக் கண்டுபிடித்து, ஒவ்வொரு படியாகப் பெரிய படத்துக்கு வந்து திருத்திக்கொள்ளலாம். ஆனால் சுருக்கும்போது மெல்லிய பொருள்கள் காணாமல் போகும். வேகமாகப் பறக்கும் குருவி சிறிய படத்தில் இல்லவே இல்லை என்றால், பெரிய படத்துக்கு வந்தபின் அதைப் பிடிக்க முடியாது.

எழுதப்படாத இரண்டாம் வரி

ஒரு வரிக்கு இரண்டு தெரியாதவை. எனவே இன்னொரு வரி வேண்டும். படத்திலிருந்து அது வராது. நாம்தான் எழுத வேண்டும். 1981-இலேயே இரண்டு கட்சிகள் பிறந்துவிட்டன.

ஹார்ன்–ஷங்க் கட்சி: பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகும். ஆகவே படம் முழுவதுக்கும் ஒரே கணக்கு. மூலத்தை மீறுவதற்கு ஒரு தண்டனை, அக்கம்பக்கத்திலிருந்து மாறுபடுவதற்கு ஒரு தண்டனை. இரண்டின் கூட்டுத்தொகை எங்கே மிகக் குறைவோ அதுவே விடை. எந்தத் தண்டனைக்கு எவ்வளவு எடை என்பதை ஓர் எண் தீர்மானிக்கும். கணினி ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்தாரின் சராசரி வேகத்தை எடுத்து, மூலம் சொல்கிறபடி கொஞ்சம் திருத்தி, மறுபடி சராசரி எடுக்கும். வெறும் சுவர் போன்ற இடங்களில் மூலத்துக்குப் பேச்சில்லை என்று பார்த்தோம் அல்லவா, அங்கே பக்கத்தாரின் வேகம் சுற்றுக்குச் சுற்று உள்ளே பரவி இடத்தை நிரப்பும். ஓர் இடம் விடாமல் விடை வரும். ஊர்வாயை நம்பி ஒரு வீட்டைப் பற்றி முடிவு கட்டுவது போலத்தான் இது. பல நேரம் சரியாகவே இருக்கும், ஆனால் அந்த வீட்டைக் கேட்டுச் சொன்னதல்ல.

லூக்காஸ்–கனாடே கட்சி: கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் புரூஸ் லூக்காஸும் தக்கேயோ கனாடேயும் அதே ஆண்டு வான்கூவர் மாநாட்டில் கட்டுரை வாசித்தார்கள். அவர்கள் தேடியது ஒளிப்பாய்வை அல்ல. இரு கேமராப் படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும் வழியை. படம் முழுவதையும் சேர்க்க வேண்டாம், ஒரு சின்னச் சதுரத்துக்குள் இருக்கும் பிக்சல்கள் எல்லாம் ஒரே வேகம் என்று வைத்துக்கொள்வோம் என்றார்கள். சதுரத்தில் எத்தனை பிக்சலோ அத்தனை வரி. தெரியாதவை அதே இரண்டு.

முன்பு போட்ட கணக்கைத் தொடர்வோம். முதல் பிக்சல் சொன்னது: 6 × கிடைவேகம் + 8 × நெடுவேகம் = 10. அதே சதுரத்தில் இன்னொரு பிக்சல். கிடைச்சரிவு 8, நெடுச்சரிவு −6, காலமாற்றம் −5. அது சொல்வது: 8 × கிடைவேகம் − 6 × நெடுவேகம் = 5. முன்பு தேறிய மூன்று விடைகளையும் இதில் போடுங்கள். 1-உம் ½-உம் மட்டுமே நிற்கிறது: 8 − 3 = 5. மற்ற இரண்டும் விழுந்துவிட்டன. இரண்டாவது பிக்சலில் சரிவு வேறு திசையில் இருந்ததால்தான் இந்தத் தீர்ப்பு கிடைத்தது. அதற்குப் பதிலாகச் சரிவு 12, 16, காலமாற்றம் −20 என்று இருந்திருந்தால்? முதல் வரியை இரண்டால் பெருக்கியதே அது. பழைய செய்தியையே உரக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். ஒரே கோட்டின்மேல் இருக்கும் நூறு பிக்சலைச் சேர்த்தாலும் துளைச் சிக்கல் தீராது. ஒரு மூலை வேண்டும், அல்லது புள்ளி வேண்டும்: இரண்டு திசையிலும் சரிவு வலுவாக இருக்கும் இடம். தொடர்வதற்குத் தகுந்த இடம் எது என்ற இந்த இலக்கணத்தை 1994-இல் ஜியான்போ ஷியும் கார்லோ தொமாசியும் தெளிவாக எழுதி வைத்தார்கள். முதலில் நல்ல இடத்தைத் தேர்ந்தெடு, அதை மட்டும் தொடர், மற்றதைப் பற்றிப் பேசாதே என்பது அதன் சாரம்.

என்னைக் கேட்டால், முடிவெடுக்க வேண்டிய இடத்தில் லூக்காஸ்–கனாடே. பார்ப்பதற்கு நிறைவான விடை வேண்டிய இடத்தில் ஹார்ன்–ஷங்க். இரண்டாவது எல்லா இடத்துக்கும் விடை சொல்கிறது. எது அளந்தது, எது பக்கத்தாரிடம் கடன் வாங்கியது என்பதைப் பிரித்துச் சொல்வதில்லை.

பக்கத்தாரை நம்புவதில் இன்னொரு தீங்கும் உண்டு. ஓடும் பேருந்தின் விளிம்பில் ஒரு பிக்சல் பேருந்தைச் சேர்ந்தது, அடுத்த பிக்சல் அசையாத சுவரைச் சேர்ந்தது. அங்கே வேகம் ஒத்திருக்காது, ஒத்திருக்கவும் கூடாது. ஹார்ன்–ஷங்க் கணக்கில் பேருந்தின் வேகம் சுவருக்குள் வழிந்துவிடும். 1990-களில் மைக்கேல் பிளாக்கும் பி. ஆனந்தனும் தண்டனையின் வடிவத்தை மாற்றினார்கள். சிறு மாறுபாட்டுக்குத் தண்டனை உண்டு. மாறுபாடு மிகப் பெரிதாகிவிட்டால் அது பிழையல்ல, வேறு பொருள் என்று கொண்டு தண்டனையை ஏறவிடாமல் நிறுத்திவிடு. விளிம்புகள் கூர்மையாயின. ஆனந்தன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர், 2005-இல் பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவைத் தொடங்கியவர்.

உரைகாரர்களுக்குள் யார் சொல்வது சரி?

இதற்கு நடுவர் வேண்டும்: ஒவ்வொரு பிக்சலும் உண்மையில் எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்த படத்தொடர். அது எளிதில் கிடைப்பதில்லை. மிடில்பரி குழுவினர் 2007-இல் கையாண்ட உத்தி எனக்கு இந்தத் துறையிலேயே மிக அழகானதாகத் தோன்றுகிறது. பொம்மைகள், துணிகள் என்று ஒரு காட்சியை அடுக்கி, சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒளிரும் சாயத்தை மெல்லிய துளிகளாக எங்கும் தெளித்தார்கள். காட்சியைக் கணினி கட்டுப்பாட்டில் சிறு சிறு அடியாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் சாதாரண விளக்கில் ஒரு படம், புற ஊதா விளக்கில் ஒரு படம் எடுத்தார்கள். புற ஊதாவில் வெறும் சுவரும் புள்ளி புள்ளியாக மின்னும். எங்கும் சரிவு, எங்கும் மூலை. அந்தப் படங்களிலிருந்து துல்லியமான விடையை எடுத்து வைத்துக்கொண்டு, சாதாரணப் படங்களை மட்டும் உலகத்துக்குக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். வெளியே ஓடும் வண்டிகளுக்கு இது நடக்காது. 2012-இல் வந்த கிட்டி தரவுத்தொகுப்பு காரின் கூரையில் லேசர் வருடியை வைத்து உண்மையை அளந்தது.

2015 முதல் நரம்பு வலைப்பின்னல்கள் வந்தன. ஃப்ளோநெட் என்ற முதல் பெரிய முயற்சிக்குப் பயிற்சிப் படம் போதவில்லை. கணினியில் வரைந்த நாற்காலிகளை ஃபிளிக்கர் நிழற்படங்களின்மேல் பறக்கவிட்டு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட படச் சோடிகளைச் செய்தார்கள். நாற்காலி பறக்கும் உலகம் எங்கும் இல்லை, ஆனால் அதில் கற்றது மற்ற காட்சிகளுக்கும் உதவியது. 2020-இல் பிரின்ஸ்டனிலிருந்து வந்த ராஃப்ட் முந்தைய பலவற்றைத் தாண்டிப் போனது. இனி மூலம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: விடை தெரியாத படங்களில் இத்தகைய வலைப்பின்னல்களைப் பயிற்றும்போது, கணித்த வேகப்படி படத்தை நகர்த்திப் பார்த்து, வெளிச்சம் ஒத்துப்போகிறதா என்றுதான் மதிப்பெண் போடுகிறார்கள். அது நம் பூச்சியமேதான். விடை தெரிந்த படங்களில் பயின்றவை மீதிப் பாதியை நாற்காலிகளிடமிருந்து கற்றுக்கொண்டன; நம்பிக்கை அங்கும் உண்டு, அதை எழுதிக் காட்டத்தான் முடியாது.

வரி மௌனமாகும் இடம்

இன்ஜெனுயிட்டியின் 72-ஆவது பறப்பு 2024 ஜனவரி 18 அன்று. அதுவே கடைசி. அப்போது அது வந்து சேர்ந்திருந்தது பாறைகள் அருகிய, வழவழப்பான மணல் அலைகள் நிறைந்த இடம். 12 மீட்டர் எழும்பி இறங்குவது மட்டுமே திட்டம். எழும்பிய சுமார் இருபது வினாடியில், பின்தொடரப் போதிய அடையாளங்கள் படத்தில் கிடைக்கவில்லை. சரிவு இல்லாத இடத்தில் மூலம் எதையும் சொல்லாது என்று தொடக்கத்தில் பார்த்தது இதுதான். பக்கவாட்டு வேகம் அடங்காமல் ஒரு மணல் அலையின் சாய்வில் போய் மோதியது, சுழலிதழ்கள் ஒடிந்தன. நாசாவின் ஆய்வு இதையே மிகச் சாத்தியமான காரணமாகச் சொன்னது. பாறையும் கல்லும் கலந்த தரைக்காக வடிவமைத்த கண் அது. ஐந்து பறப்புக்கென்று அனுப்பி, எழுபத்திரண்டு முறை பறந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்தக் கணக்கைச் செய்து பார்க்க விரும்பும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்சிவி மென்பொருளில் லூக்காஸ்–கனாடே முறை தயாராக இருக்கிறது. அது ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்றைத் தரும்: புதிய இடம், கண்டுபிடித்ததா இல்லையா என்ற குறி, எவ்வளவு பொருந்தவில்லை என்ற பிழை. பலர் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். கூடவே, இரண்டாம் படத்திலிருந்து முதல் படத்துக்குத் திரும்ப ஒருமுறை தொடர்ந்து பாருங்கள். புறப்பட்ட இடத்துக்கு ஒரு பிக்சலுக்குள் திரும்பி வராத புள்ளியை நீக்கிவிடுங்கள். வெறும் சுவரில் இருக்கும் புள்ளி நகராமலே இருந்து இந்தச் சோதனையிலும் தேறிவிடும். ஆகவே தொடங்கும்போதே, இரண்டு திசையிலும் சரிவுள்ள புள்ளிகளை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான செயல்கூறும் அதே மென்பொருளில் இருக்கிறது.